சக்கரம் கிடந்த இடம்

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து.

பெயிண்டர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றினார். ஒரு மணியிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும் பட்டறையில் கூரை மழையைத் தவிர வேறொரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. வெல்டிங் மெஷினின் உறுமல். மெஷின் ஓடுகிறது, ஆனால் பற்றவைக்கும் சடசடப்பைக் காணோம். தகடு வேலை செய்யும் டிங்கர் அசந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

நீல நிறப் பழைய கார் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

பெயிண்டர் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். மூலையில் கிடந்த ஜாக்கியை உருட்டி வந்து காரைத் தூக்கி, டிங்கரைப் பின்பக்கமாக இழுத்து வெளியே போட்டார்கள். முகத்தில் வெல்டிங் கண்ணாடி அப்படியே இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

இரண்டு நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து கூடவே இருக்கும் ஏட்டுக்கு அவரைப் பற்றி ஒரு ரகசியம் தெரியும். இன்ஸ்பெக்டரம்மா லிஃப்டில் ஏற மாட்டார். எத்தனை மாடியானாலும் படிதான். கல்லூரிக் காலத்தில் நாலு மணி நேரம் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து, தலைக்கு மேலே தாழ்வாக எது வந்தாலும் அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஏட்டும் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. ஒரு வாரமாக விடாத மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் தெரு, பின்பக்கம் சந்து, இரண்டிலும் கதவு. முதலாளியம்மா ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் ஆரம்பித்த பட்டறை. அவர் போன பிறகு நாலு வருஷமாக இவர்தான் நடத்துகிறார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனவர், விஷயம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். ஒரு பல் டாக்டருடைய வண்டி. நாற்பது வருஷம் பழசு, அவருக்கு உயிர். இந்த மாதிரிக் கார்களில் அடியில் தனியாகச் சட்டம் எதுவும் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு என்று பெயிண்டர் விளக்கினார். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு வெற்றுப் பெட்டி ஓடுகிறது. அந்த அடிப்பெட்டிதான் முதுகெலும்பு. அது துருப்பிடித்துப் போனால் வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் வண்டி செத்த வண்டிதான். இந்தக் காரில் இரண்டு பக்கமும் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்.

இடப்பக்கம் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கதவைக் கழற்றி, அந்த இடைவெளியில் இரும்புக் குழாய்களைப் பெருக்கல் குறி மாதிரி பற்றவைத்திருந்தார் டிங்கர். பெட்டியை வெட்டும்போது கார் நடுவில் மடங்கிவிடாமல் இருக்கத்தான் அந்தக் குழாய்கள். புதுப்பெட்டி பொருந்தி உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பற்றவைப்பு பாக்கி.

வலப்பக்கம் குழாய்கள் இல்லை. அடிப்பெட்டியில் கையகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டப்பட்டு, உள்ளே இருட்டாகத் தெரிந்தது. பக்கத்தில், காரைத் தாங்க அடியில் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் தலையில் ஒரு துண்டு துருத் தகடு ஒட்டியிருந்தது. காரின் வலப்பாதி இப்போது அந்த ஒற்றை ஜாக்கியின் மேல்தான் நின்றது.

கழற்றிய சக்கரங்களில் மூன்று சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நாலாவது இடப்பக்கம் காருக்கு அடியில் படுத்திருந்தது, மேலே ஒரு மரக்கட்டையோடு. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீங்க எப்பக் கடைசியா அவரைப் பார்த்தீங்க?"

"ஒரு மணிக்கு மேடம். கம்ப்ரசரைப் போடறதுக்கு முன்னாடி."

"அப்ப இந்தச் சதுரம்?"

"இல்ல. வலப்பக்கம் அப்ப கைபடாமத்தான் இருந்துச்சு. ஒரு ஒண்ணேகால் வாக்குல பெயிண்ட் ஊத்த ஒரு நிமிஷம் கம்ப்ரசரை நிறுத்தினப்ப கிரைண்டர் சத்தம் கேட்டுது. அப்பத்தான் வெட்டியிருப்பான்."

"அதுக்கப்புறம்?"

"என் அறைக்குள்ள கம்ப்ரசர் ஓடினா இடி விழுந்தாக்கூடக் காதுல விழாது."

இரண்டு பேருக்கும் சண்டை ஏதாவது உண்டா என்று கேட்டார். பெயிண்டர் மறைக்கவில்லை. போன வாரம்கூடப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்களாம். டிங்கர் தட்டிய இரும்புத் தூள் ஈரப் பெயிண்டில் விழுந்து ஒரு கதவு முழுவதும் வீணாகிவிட்டது. இவரைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள் என்பது அவருக்கே புரிந்திருந்தது.

மூன்று பதினைந்துக்கு, குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். முதலாளியம்மா எழுந்து நின்றார். வண்டிப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. பழைய வண்டிகளைப் பழுது பார்த்து முடித்ததும், சாலையில் ஓட லாயக்கானதுதான் என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். சுற்று வட்டாரத்துப் பட்டறைகளில் அவருக்குப் பெயரே சர்டிபிகேட் சார்தான். விபத்து வழக்குகளில் போலீசே அவரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பதுண்டு. முதலாளியம்மாதான் போன் பண்ணி வரவழைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு நிம்மதியாக இருந்தது. கார் விவகாரம் புரிந்த ஒருவர் கிடைத்தாரே.

சர்டிபிகேட் சார் பொறுமையாக விளக்கினார். வலப்பக்கம் குழாய் கட்டாமல் பெட்டியை வெட்டியது முதல் தப்பு. துருப்பிடித்த இடத்தில் ஸ்டாண்டைக் கொடுத்தது இரண்டாவது தப்பு. தகடு பொத்துக்கொண்டு ஸ்டாண்டு நழுவிவிட்டது. "நல்ல வேலைக்காரன்மா. ஒரு நாள் அசந்துட்டான்" என்றார்.

உள்ளே எவ்வளவு துரு என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சார் தன் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு காந்தம் ஒன்றை எடுத்தார். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், வெறும் பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது, கீழே விழும். "நீங்களே வெச்சுப் பாருங்க" என்று நீட்டினார். காந்தத்தின் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி விறைத்து நின்றது. இன்ஸ்பெக்டர் அதைத் திறந்திருந்த நோட்டின் மேல் வைத்து வாங்கிக்கொண்டார். கதவில் ஒட்டியது. அடிப்பெட்டியில் வைத்தால் வழுக்கி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. அவர் திருப்பிக் கொடுத்தபோது சார் அந்த மீசையை விரலால் வழித்துத் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறைக்கு அடிக்கடி வருவீர்களா என்று பேச்சுவாக்கில் ஒரு கேள்வி.

"முன்னெல்லாம் தினம் ஒரு நடை. இப்ப மழைம்மா, முட்டி வலி வேற. சனிக்கிழமை வந்ததோட சரி. மூணு நாளா வீட்டைவிட்டே இறங்கல."

விபத்து என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. மூன்று ஐம்பதுக்கு டிங்கரின் வீட்டுக்குப் போகும்வரை.

ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. டிங்கரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தரையிலேயே உட்கார்ந்தார். எப்படி நடந்தது என்று கேட்டதற்குச் சர்டிபிகேட் சார் சொன்னதையே எளிமையாகச் சொன்னார். அசதியில் கவனக்குறைவாக உள்ளே போய்விட்டார் என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரா? கவனக்குறைவாவா? அக்கா, அவருக்குப் பட்டறையில என்ன பேருன்னு கேட்டீங்களா? பயந்தாங்கொள்ளி. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. கட்டிலுக்கு அடியில செருப்பு கிடந்தாக்கூட, கட்டிலை நகர்த்திட்டுத்தான் எடுப்பாரு. ஸ்டாண்டை அவரு நம்பவே மாட்டாரு. கழட்டின சக்கரத்தைப் படுக்க வெச்சு, மேல கட்டையை வெச்சு, ரெண்டு பக்கமும் அப்படி வெச்சாத்தான் காருக்கு அடியில தலையைக் கொடுப்பாரு. இருபது வருஷமா அப்படித்தான்."

இன்ஸ்பெக்டருக்கு உள்ளங்கை வியர்த்தது. கட்டிலை நகர்த்துகிற மனிதரை அவருக்கு நன்றாகப் புரிந்தது. அவரும் அப்படித்தான். பயப்படுகிறவன் அசதியில் எதை வேண்டுமானாலும் மறப்பான், பயத்தை மறக்க மாட்டான்.

சமீபத்தில் ஏதாவது கவலையாக இருந்தாரா என்று கேட்டார். இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லையாம். இடப்பக்கத்துப் பெட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து ஒரே யோசனை. என்ன என்று கேட்டால், அந்த வண்டிக்குள்ளே ஒரு பொய் இருக்கிறது, வலப்பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும் என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் பட்டறைக்குத் திரும்பினார். முதலாளியம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கார் இதற்கு முன்னால் இந்தப் பட்டறைக்கு வந்திருக்கிறதா? ஆமாம், ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறொருவர் வைத்திருந்தபோது, தன் வீட்டுக்காரர் காலத்தில் வந்தது என்றார் அவர். பழைய கோப்புகள் வீட்டுப் பரணில் இருந்தன. எடுத்து வர ஏட்டையும் அவரையும் ஜீப்பில் அனுப்பிவைத்தார்.

பிறகு சுவரோரம் போய் நின்று எண்ணினார். மூன்று சக்கரம். இடப்பக்கம் அடியில் ஒன்று. இரண்டு பக்கமும் வைக்கிற ஆள் என்றால் வலப்பக்கத்துச் சக்கரம் எங்கே? சுவரில் இரண்டுதான் சாய்ந்திருக்க வேண்டும்.

டிங்கர் இன்று வைக்க மறந்தாரா? அல்லது வைத்ததை யாராவது எடுத்தார்களா?

இடப்பக்கம் தரையில் சிதறியிருந்த இரும்புத் தூளைக் காலால் தள்ளிப் பார்த்தார். செங்கல் பொடி மாதிரிப் பழுப்பாக இருந்தது. பெயிண்டரைக் கேட்டார். நேற்று சாயங்காலம் தட்டிய தூள் அது என்றார் பெயிண்டர். இந்த ஈரக்காற்றில் வெட்டின இரும்பு ஒரு ராத்திரி தாங்காது, விடிந்தால் துருதான். அதனால்தான் டிங்கர் வெட்டிய விளிம்பில் எல்லாம் அன்றன்றைக்கே பிரைமர் பூசிவிடுவார். சொல்லிவிட்டு அவர் வாசல் பக்கம் போனார்.

வலப்பக்கத் தரையைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. படுத்து உள்ளே போக வேண்டும்.

சர்டிபிகேட் சார் இன்னும் போகவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை என்று சொல்லி இருந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றுவதைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"தைரியமாப் போங்கம்மா. நான் ஜாக்கிகிட்ட நிக்கறேன்."

நாலு ஐம்பது. இன்ஸ்பெக்டர் மல்லாந்து படுத்து, டார்ச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குதிகாலால் உந்தி உந்தி உள்ளே போனார். காரின் அடிவயிறு முகத்துக்கு ஒரு சாண் மேலே வந்தது. பழைய எண்ணெய் வாடை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே தலையைத் திருப்பினார்.

வலப்பக்கம் தரையெங்கும் தூள். வெட்டிய பெட்டிக்குள்ளிருந்து கொட்டிய துருச் செதில்களின் மேல், கிரைண்டர் தூவிய புதுத் தூள் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அந்தப் பரப்பின் நடுவில் ஓர் இடம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. வட்டம். முழு வட்டமில்லை, பிணத்தை இழுத்த தடம் ஒரு ஓரத்தை அழித்திருந்தது. மீதி முக்கால் வட்டமும் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு அகலமான தடம் ஓடியது.

சக்கரம் இங்கே இருந்திருக்கிறது. ஒன்றேகாலுக்குத் தூள் பறந்தபோது இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் யாரோ இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இது கொலை.

யார்? இன்ஸ்பெக்டர் விரலால் அந்தச் சாம்பல் தூளைத் தொட்டார். நேற்றுத் தூள் பழுப்பு, இன்றைய தூள் சாம்பல். சாம்பல் நிற மீசை ஒன்றை இன்று எங்கோ பார்த்தோமே. நோட்டு ஞாபகம் வந்தது. நோட்டின் மேல் வைத்து வாங்கிய காந்தம் ஞாபகம் வந்தது. மூன்று நாளாக வீட்டைவிட்டு இறங்காதவரின் சட்டைப் பையில் இன்றைக்குப் பறந்த தூள் எப்படி வந்தது?

டார்ச்சை மெல்லத் திருப்பினார்.

டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ தெரிந்தது. அசையாமல் ஜாக்கியின் அருகில் நின்றது. பிறகு ஒரு ஷூ அரையடி முன்னால் நகர்ந்தது. ஜாக்கியின் கைப்பிடி கிறீச்சிட்டது. பெரிய சத்தமில்லை. கனம் தாங்கிய இரும்பில் ஒரு கை படும்போது வருமே, அந்தச் சத்தம்.

அவரால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அந்த லிஃப்டின் இருட்டு அப்படியே திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்தால் குரல் நடுங்கும், நடுங்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். வாசல்வரை கேட்கும்படி, ஸ்டேஷனில் கூப்பிடுகிற அதே தோரணையில் கூப்பிட்டார்.

"ஏட்டு, என் நோட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

ஏட்டு ஒரு மைலுக்கு அப்பால் பரணில் தேடிக்கொண்டிருந்தார். அது ஷூக்காரருக்கும் தெரியும். மழை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி இன்னொரு தரம் கிறீச்சிட்டது.

"ஏட்டு இல்லியே மேடம். நான்தான் இருக்கேன். தீப்பெட்டியை வெச்சுட்டுப் போயிட்டேன்" என்று பெயிண்டரின் குரல், மிக அருகிலிருந்து, வந்தது.

ஷூ பின்வாங்கியது.

இன்ஸ்பெக்டர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. பெயிண்டரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முதுகைச் சுவரில் கொடுத்து நின்றுகொண்டார். சர்டிபிகேட் சார் குடையைத் தேடுவதைப் பார்த்ததும், உட்காருங்கள் சார், கோப்பு வந்ததும் உங்கள் உதவி வேண்டியிருக்கும் என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அவர் கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

ஐந்து பத்துக்கு ஜீப் வந்தது. கோப்பில் ஆறு வருஷத்துக்கு முந்தைய ரசீது இருந்தது. இருபுறமும் அடிப்பெட்டி புதிதாக மாற்றப்பட்டது. அதோடு குத்தியிருந்த சான்றிதழில், கட்டமைப்பு முழுவதும் பரிசோதிக்கப்பட்டது, உறுதியாக உள்ளது. கீழே சர்டிபிகேட் சாரின் கையெழுத்து.

பெயிண்டரை அந்தச் சதுர ஓட்டைக்குள் கையை விடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வெளியே வந்த கையில் ஒரு பிடி துரு, ஒரு துண்டு மெல்லிய தகரம், விரல் தடிமனுக்கு ஒரு பட்டிச் சில்லு. புதுப்பெட்டி என்று எதுவுமே அங்கே இல்லை. பழைய துருவின் மேல் தகரத்தை ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"சார், சனிக்கிழமைக்கு அப்புறம் நீங்க இங்க வரலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"வேற எந்தப் பட்டறைக்காவது?"

"இல்லம்மா. அதான் வீட்டைவிட்டே இறங்கலைன்னேனே."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். சக்கரங்களின் கணக்கை எழுதிய பக்கத்தில் பொட்டுப் பொட்டாகச் சாம்பல் தூள் ஒட்டியிருந்தது.

"உங்க காந்தத்துலருந்து விழுந்தது. சனிக்கிழமைத் தூளா இருந்தா இந்த மழைக்கு இந்நேரம் செங்கல் நிறமா இருக்கணும். இந்த நேத்துத் தூளையே பாருங்க, எப்படி இருக்கு. இது இன்னிக்கு வெட்டினது. ஒண்ணேகாலுக்கு அவர் இந்தச் சதுரத்தை வெட்டினப்புறம் நீங்க வந்து இந்தக் காந்தத்தை இங்க வெச்சிருக்கீங்க. ரெண்டு பத்துக்கு அவர் செத்துக் கிடந்தாரு. நடுவுல வந்த மனுஷன், வந்ததை ஏன் மறைக்கணும்?"

இன்ஸ்பெக்டர் மீதியையும் சொன்னார். டிங்கர் வலப்பக்க வேலையை ஆரம்பிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஒரு ஜன்னல் வெட்டினார். அதற்குக் குழாய் தேவையில்லை. பார்த்துவிட்டு, இடப்பக்கத்துப் பற்றவைப்பை முடிக்க அடியில் போனார். வெல்டிங் கண்ணாடிக்குள் வெளியுலகம் தெரியாது, சடசடப்பில் ஜாக்கி உருளும் சத்தமும் கேட்காது. ஜாக்கியால் காரை ஒரு நூல் தூக்கி, ஸ்டாண்டைக் கவிழ்த்து, சக்கரத்தையும் கட்டையையும் இழுத்துவிட்டு, ஜாக்கியை இறக்கினால் போதும். சக்கரம் அங்கேயே இருந்திருந்தால் கார் ஒரு சாண்தான் இறங்கியிருக்கும், அவர் நெஞ்சுவரை வந்திருக்காது. இழுத்த சக்கரத்தை மற்ற சக்கரங்களோடு சாய்த்து வைத்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அது கிடந்த இடம் தரையில் அப்படியே இருக்கிறது.

சர்டிபிகேட் சார் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். அன்றைக்குத் தற்செயலாகத்தான் சந்து வழியாக வந்திருக்கிறார். டிங்கர் ஓட்டையைக் காட்டியதும் ஒன்றும் தெரியாதவர் போலக் காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். டிங்கர் ஏமாறவில்லை. இதே மாதிரி எத்தனை வண்டி என்று கேட்டிருக்கிறார். பழைய முதலாளி தகரத்தை ஒட்டினார், இவர் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மொத்தம் ஏழு வண்டி. அதில் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில் விளக்குக் கம்பத்தில் மோதியது. கம்பம் லேசாகத்தான் சாய்ந்தது, கார் காகிதம் மாதிரி மடங்கிவிட்டது. ஒரு தாயும் குழந்தையும் போனார்கள். அந்த விசாரணைக்கு நிபுணராகப் போனவரும் இவர்தான். அதிவேகம் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லப் போறேன்னான். கெஞ்சினேன். வீடுவரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன், இன்னொரு தரம் கெஞ்சலாம்னு. அவன் அடியில இருந்தான்."

"கொஞ்ச நேரம் முன்னாடி நானும் அடியில இருந்தேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கை தானாப் போச்சும்மா" என்றார். இத்தனை நேரம் அவர் பேசியதில் இன்ஸ்பெக்டரை உலுக்கியது அந்த ஒரு வாக்கியம்தான். அதில் கோபமும் இல்லை, வெறியும் இல்லை. பழகிப்போன கையெழுத்தைப் போடுகிறவர் மாதிரி சொன்னார்.

ஏட்டு விலங்கை எடுத்தார். இன்ஸ்பெக்டர் தடுத்து, நோட்டையும் பேனாவையும் சாரின் மடியில் வைத்தார். மீதி வண்டிகளை எழுதச் சொன்னார். ஏழில் ஒன்று கம்பத்தில் முடிந்தது, ஒன்று இங்கே நிற்கிறது, ஐந்து இன்னும் ரோட்டில் இருக்கின்றன. அவர் ஒரு நம்பரைக்கூட யோசிக்கவில்லை. எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புருஷனுடைய படத்துக்குக் கீழேதான் தினமும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பட்டியலை வாங்கி, கோப்பிலிருந்து போன் நம்பர்களைத் தேடி ஒவ்வொன்றாகத் தானே அழைத்தார். வணக்கம், நான் பட்டறையிலிருந்து பேசுகிறேன், தயவுசெய்து அந்த வண்டியை எடுக்காதீர்கள், எங்கள் மேல்தான் தப்பு. நாலு வீட்டில் கிடைத்தார்கள். நாலு வண்டியும் வீட்டில்தான் நின்றன.

ஐந்தாவது வீட்டில் ஒரு கிழவர் எடுத்தார். மகனும் பேரப்பிள்ளைகளும் ஐந்தேகால் மணிக்கே அந்தக் காரில் மலைப்பக்கம் கிளம்பிவிட்டார்களாம். மகனின் போன் அணைந்திருந்தது.

வயர்லெஸ்ஸில் செய்தி பறந்தது. மலையேறும் ரோட்டுக்கு முன்னால் பாலத்தருகே ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வந்த இரண்டு போலீஸ்காரர்களிடம் சாரை ஒப்படைத்ததும் ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. எதிரில் வருகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்து ஏட்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு கடந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறு இருபது. பாலத்தின் இந்தப் பக்கம், மழையில், ஒரு வெள்ளைக் கார் ஓரங்கட்டி நின்றது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள். அப்பாக்காரர் குடையில்லாமல் இறங்கி நின்று செக்போஸ்ட் போலீஸ்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது, எதற்காக அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்குக் கோபம். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை நீட்டினார்.

"பாருங்க மேடம். உறுதியா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் அதை வாங்கவில்லை. சேற்றில் மண்டியிட்டு, பின்கதவுக்குக் கீழே பளபளத்த வெள்ளைப் பெயிண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நனைந்த அட்டை மாதிரி அது உள்வாங்கியது. விரல் கணுவரைக்கும் போயிற்று. வெளியே எடுத்தபோது ஓட்டையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது.

அப்பாக்காரர் அந்த ஓட்டையைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார், அதற்கு மேலே மேகத்துக்குள் ஏறிப் போகும் ரோட்டைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. நீட்டிய காகிதம் நனைந்துகொண்டிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கதவை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தார்.

"இறங்குங்க கண்ணு. ஒவ்வொருத்தரா. குதிக்காதீங்க."

பெரியவள் இறங்கினாள். அடுத்தவன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். கடைக்குட்டி சீட்டின் ஓரத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கூரை தாழ்வான கார். இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்து, இரண்டு கைகளையும் கொடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அது கண்ணைத் திறக்காமலே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.